படுத்தால் ஓடச் சொல்லும் கால்

கட்டிலில் சாய்ந்து உட்கார வேண்டும். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளலாம். இரண்டு கால்களையும் நேராக நீட்டிவிட வேண்டும். தூங்கக் கூடாது. டிவி கிடையாது, புத்தகம் கிடையாது, பேச்சுத் துணைக்கு ஆளும் கிடையாது. ஒரு மணி நேரம் காலை அசைக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

கனடாவில் மாண்ட்ரியல் நகரத்துத் தூக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய மருத்துவச் சோதனை இது. இரவு படுக்கப் போகும் முன் நடத்துவார்கள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி வெளிப்புறமாக ஒரு தசை ஓடுகிறது. இப்போதே தொட்டுப் பார்க்கலாம். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்பாதத்தை மட்டும் மேலே தூக்குங்கள். விரலுக்கடியில் கெட்டியாகப் புடைக்கிறதா? அதுதான். அதன் மேல் சின்னச் சின்ன மின்முனைகளை ஒட்டி, ஒயரைக் கணினியில் இணைத்துவிடுவார்கள். கால் லேசாகத் துடித்தால்கூடத் திரையில் கோடு எகிறும்.

பெரும்பாலோருக்கு இந்த ஒரு மணி நேரம் போரடிக்கும், வேறொன்றும் ஆகாது. சிலருக்கு அப்படியில்லை. கொஞ்ச நேரத்துக்குள் கெண்டைக்காலில் ஏதோ தொடங்கிவிடும். தோலில் இல்லை, உள்ளே, ஆழத்தில். சொறிந்தால் போகாது. நேரம் ஆக ஆக ஏறும். மடக்கு, உதறு, எழுந்து நட என்று உள்ளிருந்து ஒரே நச்சரிப்பு. எழுந்து நாலு அடி வைத்தால் அடங்கிவிடும். வந்து உட்கார்ந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

இதற்கு அமைதியற்ற கால் நோய்க்குறி என்று பெயர். டாக்டர்கள் ஆர்.எல்.எஸ். என்று சுருக்கிவிடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் வரும் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை விசாரித்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. 8 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு இது இருப்பதாக அதில் தெரிந்தது. அந்தக் கணக்குப்படி ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவர். "ஒரு இடத்துல சும்மா உட்கார மாட்டியா?" என்று எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவர் அவராகவே இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. முதலில் சொன்ன ஒரு மணி நேரச் சோதனைகூட ஒரு துணைச் சான்றுதான். நோயாளி வாயால் சொல்வதுதான் முக்கியம். காலை அசைத்தே ஆகவேண்டும் என்று தோன்றுகிறதா? சும்மா இருக்கும்போதுதான் அது வருகிறதா? நடந்தாலோ நீட்டி மடக்கினாலோ குறைகிறதா? பகலைவிடச் சாயங்காலமும் இரவும் மோசமா? நாலுக்கும் "ஆமாம்" என்றால், வேறு காரணம் எதுவும் இல்லையா என்று பார்த்துவிட்டு டாக்டர் முடிவுக்கு வருவார். சிறுவர்கள் விஷயத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பிள்ளையே தன் சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும், அம்மா அப்பா எடுத்துக்கொடுக்கக் கூடாது. "காலுக்குள்ள எறும்பு ஊருது", "சோடா பொங்குது", "எலும்பு குடையுது", "எனக்கு ஓட வேணாம், காலுக்குத்தான் ஓடணும்". டாக்டர் இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்வார்.

கால் தொல்லை எல்லாமே ஆர்.எல்.எஸ். ஆகிவிடாது. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகும். அது நரம்பு அழுந்துவதால் வருவது, காலை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். நடுராத்திரி கெண்டைக்கால் கல்லாக இறுகி உயிர் போகிற மாதிரி வலித்தால் அது சதைப்பிடிப்பு. "வளர்ற வயசு, அதான் கால் வலிக்குது" என்று வீட்டில் சொல்லும் வலி வேறு. அது வந்த பிள்ளைக்கு நடக்கப் பிடிக்காது, சுருண்டு படுக்கத்தான் தோன்றும். ஆனால் வளர்ச்சி வலி என்று ஒதுக்கிவிட்ட பிள்ளைகளில் சிலரை நன்றாக விசாரித்தால் ஆர்.எல்.எஸ். என்று தெரியவருவதும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து தொடையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார்களே, "காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று பாட்டி அதட்டுவாரே, அது பெரும்பாலும் வெறும் பழக்கம். நிறுத்து என்றால் நிறுத்திவிடலாம், உள்ளே எதுவும் குடையாது. பாட்டிகளுக்கு நான் தரும் ஒரே திருத்தம் இது: அதட்டுவதற்கு முன்னால் "ஏன்டா கண்ணு ஆட்டுற?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

காலைத் திட்டிப் பயனில்லை. தசையிலும் எலும்பிலும் எந்தப் பழுதும் இருக்காது. தொல்லை தொடங்கும் இடம் மூளை.

அதைத் தெரிந்துகொள்ள மருத்துவத்துக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் ஆனது. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். மூளையின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய்கள் வளையமாகச் சேர்வதை விளக்கியவர், அந்த வளையத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். மூளையைப் பற்றி 1664-இல் அவர் எழுதிய நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர். வில்லிஸ் 1672-இல் லத்தீனில் எழுதிய இன்னொரு நூலில், படுத்தவுடன் கைகாலெல்லாம் துள்ளித் துடித்துத் தூங்கவே முடியாமல் சித்திரவதைப்பட்டவர்களைப் பற்றிக் குறித்து வைத்தார். அவர் கொடுத்த மருந்து அபின். தூக்கம் வந்தது. காரணம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் காரியத்தைக் கெடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்த மருத்துவர்கள், மனக்கலக்கத்தால் வரும் பிரமை என்கிற பக்கம் தள்ளிவிட்டார்கள். உடம்பைப் பரிசோதித்தால் எதுவும் அகப்படவில்லை, ஆகவே நோயாளி இட்டுக்கட்டுகிறார்! 1945-இல் ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் பல நோயாளிகளை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டு, ஒரு முழு நூலே எழுதினார். இன்றைக்கு வழங்கும் பெயரும் அவர் வைத்ததுதான். வில்லிஸ்-எக்போம் நோய் என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு. ரத்தசோகை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம் வருவதை எக்போம் கவனித்தார். 1953-இல் அதே நாட்டைச் சேர்ந்த நார்ட்லாண்டர் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு இரும்புச்சத்தை ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார். கால்கள் அடங்கின. ரத்தத்தில் இரும்பு சரியாக இருந்தாலும் உடம்பின் திசுக்களுக்குள் பற்றாக்குறை இருக்கக்கூடும் என்று அவர் எழுதினார். கையில் கருவி எதுவும் இல்லாத காலத்தில் சொன்னது. பின்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தபிறகு, நோயாளிகளின் நடுமூளையில் கரும்பொருள் என்ற சின்னப் பகுதியைப் பார்த்தார்கள். அங்கே இரும்பு குறைந்திருந்தது.

இரும்பு ரத்தத்துக்குத்தானே, மூளைக்கு எதற்கு என்று கேட்கலாம். பருப்பு, பால், முட்டை இவற்றின் புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மூளை செல்கள் அதிலிருந்து டோபமின் என்ற ரசாயனத்தைச் செய்துகொள்கின்றன. அதில் முதல் படியை முடித்துக் கொடுப்பது ஒரு நொதி. அந்த நொதியின் நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் நொதி வேலை செய்யாது. டோபமின் என்றால் சந்தோஷ ரசாயனம், போனைப் பார்த்தால் சுரப்பது என்று வீடியோக்களில் எல்லோரும் சொல்கிறார்கள். அது அரைகுறைக் கதை. கை, கால் அசைவுகளைச் சீராக வைத்திருப்பதும் டோபமின்தான். மூளை செல்கள் சேதி அனுப்ப அதைப் பயன்படுத்துகின்றன என்று 1957 வாக்கில் காட்டிய ஆர்விட் கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரும் ஸ்வீடன்காரர்.

அப்படியானால் டோபமின் குறைந்துவிட்டது, அதுதான் நோய் என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? விஷயம் கொஞ்சம் சுற்றுவழி. டோபமின் அளவு நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பகலில் ஏறி இரவில் இறங்கும். ரத்தத்தில் சுற்றும் இரும்பும் காலையில் அதிகமாக இருந்து இரவில் குறைகிறது. இரும்பு போதாத மூளை பகலில் டோபமினைத் தாறுமாறாக அதிகம் சுரக்கிறது, செல்கள் அதற்குப் பழகி மந்தமாகிவிடுகின்றன, இரவில் அளவு இறங்கியதும் அவற்றுக்குப் போதவில்லை என்று இந்தத் துறை ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பகலெல்லாம் வகுப்பில் ஓரளவு சும்மா இருக்கும் கால் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் ஆட்டம் போடுவதற்கு இதுதான் அவர்கள் தரும் விளக்கம்.

இன்னொரு புதிரும் இருக்கிறது. "ஹீமோகுளோபின் பார்த்தாச்சு, நார்மல்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் நிறைய. பானையில் இன்றைக்குச் சோறு இருக்கிறது என்பதால் குதிரில் நெல் இருப்பதாக அர்த்தமில்லை. உடம்பு எப்படியாவது ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கும். அதனால் இருப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். இருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறு பரிசோதனை. ஃபெரிட்டின் ஒரு புரதக் கூடு. ஒரு கூட்டுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடைந்து கிடக்கும். விலெம் லாஃப்பர்கர் என்ற செக் விஞ்ஞானி 1937-இல் அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது குதிரையின் மண்ணீரலிலிருந்து. நம்மூர்க் கறிக்கடையில் "சுவரொட்டி" என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அதுவும் மண்ணீரல்தான், ஆட்டினுடையது. சோகை பிடித்த பிள்ளைக்குச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுத்த கிழவிகளுக்கு ஃபெரிட்டின் தெரியாது. கொடுத்தது என்னவோ சரியான பண்டம்.

ஆய்வகச் சீட்டில் ஃபெரிட்டின் 20 என்று இருந்தால்கூடப் பக்கத்தில் "நார்மல்" என்று அச்சாகியிருக்கலாம். ஆர்.எல்.எஸ். உள்ள பிள்ளைகளுக்கு அந்த அளவு போதாது. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தாலே இரும்பு மருந்து கொடுக்கலாம் என்பது தூக்க மருத்துவர்களின் வழக்கம். காய்ச்சல் சமயத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போது பார்ப்பது நல்லது.

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை தரும் இரும்பு மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? 10 வயதுக்கு மேல் நீல நிறம், அதற்குக் கீழே இளஞ்சிவப்பு. நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் கூடவே ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் கெட்டிக்காரர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து விட்டவர்களும் உண்டு. கறுப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டியதில்லை. பிப்ரவரி 10-ஆம் தேதி தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் மாத்திரைக்கும் இதே கதையில் ஒரு பங்கு இருக்கிறது. கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் நுழையும். குடலில் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ரத்தத்தோடு இரும்பும் போய்விடும்.

இரும்பு நல்லது என்று தெரிந்துவிட்டதால் வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கணக்கில்லாமல் விழுங்கக் கூடாது. இரும்பு அதிகமானால் விஷம். மிட்டாய் என்று நினைத்துச் சின்னக் குழந்தைகள் அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் மாத்திரைப் பட்டை எப்போதும் தம்பி தங்கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் தாராளமாகச் சேர்க்கலாம். ஈரல், சுவரொட்டி, மீன் இவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு இவற்றிலுள்ளது அடம்பிடிக்கும். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இணங்கி வரும், வைட்டமின் சி செய்யும் உபகாரம் அது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே கூட்டிப்போய்விடும். பேரீச்சம்பழத்துக்குப் பெயர்தான் பெரிது, அதில் இரும்பு அவ்வளவு இல்லை. இனிப்புக்காகச் சாப்பிடுங்கள், தப்பில்லை.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆர்.எல்.எஸ். இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். இதில் சம்பந்தப்பட்ட மரபணுக்களில் சிலவற்றை 2007-இல் கண்டுபிடித்தார்கள். ஐஸ்லாந்து மக்களை ஆராய்ந்ததில் சிக்கிய பி.டி.பி.டி.9 என்பது அவற்றில் ஒன்று. ஒரு மரபணுவின் பெயர் கிடைத்துவிட்டால் போதுமா, அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டாமா? அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தார் பழ ஈக்களிடம் போனார்கள். வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தக் குட்டி ஈ. அதற்கும் இதே மரபணுவின் உறவு ஒன்று உண்டு, அதற்கும் தூக்கம் உண்டு.

ஈ தூங்குகிறதா என்று எப்படித் தெரியும்? பென்சில் பருமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில் ஓர் ஈயை விடுவார்கள். ஒரு முனையில் அதற்குச் சாப்பாடு, மறுமுனையில் பஞ்சு. குழாயின் நடுவில் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஈ நடந்து கதிரைத் தாண்டும்போதெல்லாம் கணினி ஓர் எண் போடும். தொடர்ந்து ஐந்து நிமிஷம் தாண்டவில்லை என்றால் தூங்குகிறது என்று கணக்கு. அந்த மரபணுவைக் கெடுத்துவிட்ட ஈக்களின் தூக்கம் துண்டு துண்டாக உடைந்தது. விழித்து விழித்து நடந்தன. அவற்றின் மூளையில் டோபமின் குறைந்திருந்தது. மனித நோயாளிகளுக்குக் கொடுக்கும் டோபமின் வகை மருந்தைக் கொடுத்தபோது நன்றாகத் தூங்கின. 2012-இல் இது வெளிவந்தது. ஈக்கு யாரும் மனக்கலக்கம் என்று பட்டம் கட்ட முடியாது! எனக்கு இந்த ஆய்வு பிடித்ததற்கு அதுதான் காரணம்.

தூங்கிய பிறகும் கால் விடுவதில்லை. ஆர்.எல்.எஸ். உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்காவது தூக்கத்தில் கால் தானாக இழுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். முதலில் கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கும், பிறகு கணுக்கால், சில சமயம் முழங்காலும் இடுப்பும். ஓரிரு வினாடிதான். இருபது முப்பது வினாடி கழித்து மறுபடி. கடிகாரம் வைத்த மாதிரி வரிசையாக வரும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது, போர்வை மட்டும் தரையில் கிடக்கும். ஒவ்வோர் இழுப்பிலும் மூளை ஒரு கணம் விழிப்புக்குப் பக்கத்தில் வந்து போகலாம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், பதின்வயதில் 8 முதல் 10. படுக்கையில் அத்தனை மணி நேரம் கிடந்தும் மறுநாள் மூன்றாம் பீரியடில் கண் சொருகினால், கணக்கு நோட்டில் கவனம் நிற்காவிட்டால், காரணம் சோம்பல் என்று எடுத்தவுடன் முடிவு கட்டிவிட முடியாது.

சரி, இன்றைக்கு ராத்திரி என்ன செய்வது?

சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ, கோலா, சாக்லேட் வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த காபி பதினொரு மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரவைக்கிற பழைய வகை மருந்துகள் சில, விசித்திரமாக, கால் தொல்லையைக் கிளப்பிவிடும். டாக்டரிடம் போகும்போது வீட்டில் குடித்த சிரப்பின் பெயரையும் சொல்லுங்கள். பகலில் ஓடியாடி விளையாடுவது நல்லது. படுக்கப் போகும் நேரத்தில் மூச்சுவாங்க ஓடினால் நேர்மாறாகப் போகலாம்.

படுக்கும் முன் காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். சிலருக்குக் குளிர்ந்த ஈரத்துணி இன்னும் நன்றாகக் கேட்கிறது, இரண்டையும் முயன்றுபார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அப்புறம் சுவரைப் பார்த்து ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் தள்ளி வையுங்கள். பின்னங்கால் முட்டி மடங்கக் கூடாது, குதிகால் தரையைவிட்டு எழக் கூடாது. முன்னங்காலை மடக்கிச் சுவர்ப்பக்கம் சாய்ந்தால் பின்னங்காலின் கெண்டைச் சதை இழுபடும். இருபது வரை எண்ணிவிட்டுக் காலை மாற்றுங்கள். பிறகு யாரையாவது கெண்டைக்காலை அழுத்திப் பிடித்துவிடச் சொல்லலாம். ராத்திரியானால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு "வாடா ராசா, ஏறி மிதிச்சு விடு" என்று குப்புறப் படுத்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள் எத்தனை வீட்டில்! அவர்களில் சிலருக்கு இருந்தது வயதான வலி அல்ல, இதே தொல்லைதான் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அழுத்தமும் நீவலும் மூளைக்கு வேறொரு சேதியை அனுப்புகின்றன, குடைச்சல் கொஞ்ச நேரம் பின்வாங்குகிறது. துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கும் வழக்கமும் உண்டு. அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ரத்த ஓட்டம் தடைபடும்.

படுத்த பிறகு வந்துவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். அசையாமல் கிடக்கக் கிடக்க அது வளரும். எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுங்கள். போனை மட்டும் கையில் எடுக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழுவதும் இங்கே ஒரு மருந்து. தூக்கம் குறைந்த மறுநாள் கால் இன்னும் அதிகமாகப் படுத்தும், அதனால் தூக்கம் இன்னும் குறையும்.

பஸ்ஸில், சினிமாவில், பரீட்சை ஹாலில் நினைத்தபோது எழுந்து நடக்க முடியாது. அங்கே மூளைக்கு வேலை கொடுப்பது உதவுகிறது. குறுக்கெழுத்து, சுடோகு, மனக்கணக்கு, பக்கத்து சீட்டுக்காரரோடு சூடான வாக்குவாதம்கூட. கவனம் ஒன்றில் ஊன்றியிருக்கும்போது கால் பலருக்கு மட்டுப்படுகிறது. ஜன்னல் சீட்டு ஆசையை விட்டுவிட்டு வழியோரச் சீட்டில் உட்கார்ந்தால் காலை நீட்டலாம். வகுப்பில் கடைசி வரிசை ஓரத்தில் இடம் கிடைத்தால், யாரையும் மறைக்காமல் அவ்வப்போது எழுந்து நின்றுகொள்ளலாம். டீச்சரிடம் வீட்டிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

பெரியவர்களில் சிலருக்கு இது மிகக் கடுமை. பிரசவத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் பல அம்மாக்களுக்கு வரும், குழந்தை பிறந்ததும் பெரும்பாலும் போய்விடும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம்போல இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். அவர்களிலும் பலருக்கு இந்தக் கால் தொல்லை உண்டு. எழுந்து நடக்கவும் வழியில்லை. நினைத்துப் பாருங்கள்.

இப்படிக் கடுமையாக அவதிப்படும் பெரியவர்களுக்குப் பல வருஷமாகக் கொடுத்து வந்தது டோபமினைப் போலச் செயல்படும் மாத்திரைகள். முதல் ராத்திரியே அற்புதமாகக் கேட்கும். ஆனால் வருஷங்கள் போகப் போகப் பலருக்குத் தொல்லை ராத்திரியை விட்டு மத்தியானமே தொடங்கும், காலை விட்டுக் கைக்கும் ஏறும். மருந்தைக் கூட்டினால் நோயும் கூடும். ஏற்கெனவே அதிக டோபமினுக்குப் பழகி மந்தமான செல்கள் என்று பார்த்தோமே, அவற்றுக்கு இன்னும் அதிகம் கொடுத்தால் இன்னும் மந்தம்தான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த மாத்திரைகளை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இரும்பு குறைந்தவர்களுக்கு இரும்பு, மற்றவர்களுக்கு வேறு வகை நரம்பு மருந்துகள் என்று வரிசை மாறிவிட்டது. நார்ட்லாண்டர் 1953-இல் ஏற்றிய இரும்பு ஊசி எழுபது வருஷம் கழித்து முன்வரிசைக்கு வந்திருக்கிறது.

சிறுவர்களுக்கு ஃபெரிட்டின் குறைந்திருந்தால் முதலில் கொடுப்பது பெரும்பாலும் இரும்பு மாத்திரையோ சிரப்போதான். சிரப் பல்லில் கறை பிடிக்கும், ஸ்ட்ரா வைத்துக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரே வாரத்தில் பலனை எதிர்பார்க்கக் கூடாது, இருப்பு நிரம்ப மாதங்கள் ஆகும். மூன்று மாதம் போனபின் மறுபடி ரத்தம் எடுத்து ஃபெரிட்டின் பார்ப்பார்கள். ஊசி சுருக்கென்று குத்தும், காலைச் சும்மா வைத்திரு என்று நர்ஸ் அக்கா சொன்னால், அந்த ஒரு நிமிஷம் மட்டும் வைத்திருங்கள்.